2,300 சுற்றில் மட்டும் நடுங்கிய வால்

அந்த நடுக்கத்தை முதலில் கண்டுபிடித்தது என் கை அல்ல, முதுகு. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை 2,300க்குக் குறைத்தேன். இருக்கையின் பின்சட்டத்தில் தேனீக்கூட்டைச் சாய்த்துவைத்தது மாதிரி ஒரு ரீங்காரம். ஸ்டிக்கில் ஒன்றும் இல்லை, பெடலிலும் இல்லை. பக்கத்தில் இருந்த நண்பர் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாலைத் தாங்குற இடது பக்க ஸ்ட்ரட் மங்கலா தெரியுது, பாருங்க" என்றார். த்ராட்டிலை இன்னும் இழுத்தேன், ரீங்காரம் பட்டென்று நின்றது. அதே வேகக் குறைவில் நேராக வந்து இறங்கினோம். அதற்குப் பிறகு பல வாரம் விமானம் கொட்டகையிலேயே இருந்தது.

நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம் அது. மேல்பக்க இறக்கை, வால்சக்கரம், 4130 எஃகுக் குழாயில் பற்றவைத்த உடல், அதன்மேல் துணி. எஞ்சின் கான்டினென்டல் ஓ-200: நான்கு சிலிண்டர், உச்சம் 2,750 சுற்று, கியர் இல்லாத நேரடி இணைப்பு. முன்னால் இரண்டு அலகு (பிளேடு) கொண்ட மர புரொப்பெல்லர். வாலின் கிடைமட்டச் சிறகான ஸ்டெபிலைசரைக் கீழிருந்து தாங்குவது பக்கத்துக்கு ஒரு ஸ்ட்ரட். வெளிவிட்டம் 19 மில்லிமீட்டர், சுவர் 0.9 மில்லிமீட்டர், போல்ட்டுக்குப் போல்ட் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள உருண்டைக் குழாய். மேல்முனையில் பற்றவைத்த ஃபோர்க் (இரண்டு கால் உள்ள கவை), கீழ்முனையில் மரையில் திருகி நீளத்தைச் சரிசெய்யும் ஃபோர்க். கீழ் ஃபோர்க் உடற்சட்டத்தின் லக்கை, அதாவது துளையிட்ட காதுபோன்ற தகட்டை, கவ்வும். இந்தக் கீழ் ஃபோர்க்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாலில் நடுக்கம் என்றால் முதலில் பயப்பட வேண்டியது ஃப்ளட்டருக்கு. காற்றோட்டத்திலிருந்தே சக்தியை உறிஞ்சி, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஆட்டம் அது. சில நொடிகளில் வாலைப் பிய்த்துவிடும். அதனால் ஸ்ட்ரட்டைத் தொடுவதற்கு முன் மற்றதையெல்லாம் பார்த்தேன். ஸ்டெபிலைசரின் பின்னால் மேலும் கீழும் திரும்பும் எலிவேட்டரின் கீல்கள், அதன் ஓரத்தில் உள்ள சின்ன ட்ரிம் டேபின் ஆட்டம், கட்டுப்பாட்டுக் கேபிள்களின் இழுவிசை, ஸ்டெபிலைசரை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகள், துணி ஒட்டியிருக்கும் ஓரங்கள். எலிவேட்டரின் எடைச் சமநிலை கட்டும்போது எழுதிவைத்த அளவிலேயே இருந்தது. இதெல்லாம் சரி என்று ஆன பிறகுதான், தனியாக, நல்ல உயரத்தில், ஒரே ஒரு பறப்பு மட்டும் போனேன். எதையும் பார்க்காமல் மேலே போய் "கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்" என்பது சோதனை ஆகாது.

அந்தப் பறப்பில் செய்தது எளிய வேலைதான். சுற்றை 2,310இல் நிறுத்திவிட்டு வேகத்தை மட்டும் மாற்றினேன். 65 நாட் (மணிக்கு 65 கடல்மைல்) வேகத்தில் ஏற்றம், 85இல் மட்டமான பறப்பு, 95இல் மெல்லிய இறக்கம். மூன்றிலும் அதே ரீங்காரம், ஏறக்குறைய அதே அளவு. அடுத்து வேகத்தை 85இல் வைத்துக்கொண்டு சுற்றை மாற்றினேன். 2,280க்குக் கீழே இல்லை, 2,350க்கு மேலே இல்லை. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு 85இல் சறுக்கினால் சுத்தமாக இல்லை. ஆட்டத்தைக் கிளப்புவது காற்றின் வேகம் அல்ல, எஞ்சினோ புரொப்பெல்லரோதான். உருண்டைக் குழாய்க்குப் பின்னால் சுழிகள் மாறிமாறி உதிர்வதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் 19 மில்லிமீட்டர் குழாயில் அது சுமார் 470 ஹெர்ட்ஸ் வரும். நான் கேட்டது அவ்வளவு கீச்சுக் குரல் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வாரத்தை வீணடித்தேன். "சுற்றோடு சேர்ந்து வருகிறது என்றால் புரொப்பெல்லர் சமநிலை சரியில்லை" என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிச் சமன்செய்தேன். இரண்டு நுனிகளும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்தேன். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். மர புரொப்பெல்லர் என்பதால் போல்ட்டுகளின் முறுக்கத்தையும் மறுபடி பார்த்து மாட்டினேன். எஞ்சினை ஓட்டினால் இருக்கை முன்னைவிட மெத்தென்று இருந்தது. வாலின் ரீங்காரம் மட்டும் அப்படியே. கொஞ்சம் யோசித்திருந்தால் முன்னாலேயே புரிந்திருக்கும். எடை ஒருபக்கம் சாய்ந்தால் அது ஒரு சுற்றுக்கு ஒரு முறை உதைக்கும், 2,310 சுற்றில் 38.5 ஹெர்ட்ஸ். வாலுக்கு வருவதோ இரண்டு அலகுகளும் தள்ளிவிடும் காற்றின் துடிப்பு, அது ஒரு சுற்றுக்கு இரண்டு. நான்கு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வெடிப்பதும் சுற்றுக்கு இரண்டு முறைதான். இரண்டுமே 77 ஹெர்ட்ஸ். புரொப்பெல்லரை எவ்வளவு துல்லியமாகச் சமன்செய்தாலும் இந்த 77 போகாது. அலகுகள் இரண்டாக இருக்கும்வரை அது இருந்தே தீரும்.

இந்த 77 கூட எனக்கு நேராகக் கிடைக்கவில்லை. முதலில் கைபேசியை வாலுக்குள், ஆய்வுத் துளைக்குப் பக்கத்தில், டேப் போட்டு ஒட்டி அதிர்வு அளக்கும் செயலியை ஓடவிட்டேன். திரையில் பெரிய முள் ஒன்று 23 ஹெர்ட்ஸில் நின்றது. 23 எதற்கும் பொருந்தவில்லை. சுற்றுக்கு ஒன்றும் இல்லை, அரையும் இல்லை. இரண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். சுற்றைச் சற்றுக் கூட்டினால் முள் 22க்கு இறங்குகிறது என்று கவனித்த பிறகுதான் பொறி தட்டியது. அந்தச் செயலி நொடிக்கு 100 முறைதான் அளவெடுக்கிறது. 50க்கு மேற்பட்ட எந்த அதிர்வும் அதில் மடிந்து, பொய் முகத்தோடு கீழே தெரியும். நூறில் எழுபத்தேழு போனால் இருபத்து மூன்று. அதற்குப் பிறகு அந்தச் செயலியைத் தொடவில்லை. கைபேசியின் ஒலிவாங்கி நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒலியில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் சாதாரணச் செயலி ஒன்றே மீதி வேலை முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

தரையில் ஓட்டிப் பார்த்தோம். சக்கரங்களுக்கு அடைகட்டை, வாலுக்குக் கயிறு, உள்ளே பிரேக்கில் கால்வைத்தபடி நண்பர். நான் புரொப்பெல்லரின் தளத்துக்கு வெகு பின்னால், பக்கவாட்டில். ஸ்ட்ரட்டின் நடுவில் வெள்ளை டேப் சுற்றி, அதன்மேல் குழாயின் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் கறுப்புக் கோடு போட்டிருந்தேன். 2,200இல் கோடு கோடாகவே இருந்தது. 2,310இல் விரிந்து சாம்பல் நிறப் பட்டையாக மாறியது. இடது பக்கத்தில் பட்டையின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர், அதாவது கோட்டின் தடிப்பு போக முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 77 ஹெர்ட்ஸில் அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 48 மடங்கு. வலது பக்கக் கோடு அசையவே இல்லை.

ஒரே குழாய், ஒரே நீளம், ஒரே நாளில் வெட்டியவை. ஒன்று ஆடுகிறது, மற்றது ஆடவில்லை. விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ "குழாய் மெல்லியது, தடித்ததைப் போட்டுவிடலாம்" என்பதுதான். 1.25 மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாய் கையில் இருந்தது. வெட்டுவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போட்டது நல்லதாகப் போயிற்று. இரு முனையும் கீல்போலத் திரும்பக்கூடிய குழாயின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது விட்டமும் நீளமும். சுவரைத் தடிக்கவைத்தால் விறைப்பு கூடுகிறது, எடையும் கூடவே கூடுகிறது. கணக்கில் வந்தது இதுதான்: எடை 36 சதவீதம் அதிகம், அதிர்வெண் இரண்டு சதவீதம் குறைவு. செலவும் செய்து, வாலில் எடையும் ஏற்றி, ஆட்டத்தை அங்கேயே விட்டிருப்பேன். எஃகுக்குப் பதில் அலுமினியம் என்றாலும் இதே கதைதான். எடையோடு ஒப்பிட்ட விறைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. வெளிவிட்டத்தை 22 மில்லிமீட்டராக்கினால் மட்டும் 17 சதவீதம் ஏறும்.

சரி, குழாய் உண்மையில் எந்தச் சுரத்தில் பாடுகிறது என்று தட்டியே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஸ்ட்ரட்டின் நடுவில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, ஒலிவாங்கி ஒரு சாண் தள்ளி. இரண்டு திசைகளில் தட்ட வேண்டும், ஏனென்றால் ஃபோர்க் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. ஃபோர்க்கின் போல்ட் முன்பின்னாகப் போகிறது. மேல்கீழாகத் தட்டினால் குழாய் போல்ட்டைச் சுற்றித் திரும்பலாம், வெறும் கீல்தான். முன்பின்னாகத் தட்டினால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் லக்கின் முகத்தில் அழுந்தி எதிர்க்கும், பாதி இறுக்கிப் பிடித்த மாதிரி. அதனால் முன்பின் சுரம் உயரமாக இருக்க வேண்டும்.

மேல்கீழாக: இடது 62, வலது 63. காகிதக் கணக்கு 64 என்றது. இதைப் பார்த்ததும் கொஞ்சம் மனம் குளிர்ந்தது.

முன்பின்னாக: வலது 97. இடது 77.

இருபது ஹெர்ட்ஸ் எங்கேயோ ஒழுகிப் போயிருக்கிறது. 97 என்றால் 2,910 சுற்று, இந்த எஞ்சின் எட்டாத இடம். வடிவமைத்தவர் அங்கேதான் வைத்திருந்தார். 77 என்றால் சரியாக 2,310. குழாயில் குறை இல்லை, அதைப் பிடித்திருக்கும் கை தளர்ந்திருக்கிறது.

நண்பரை ஸ்டெபிலைசரின் நுனியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லிவிட்டு, கீழ் ஃபோர்க்குக்கும் லக்குக்கும் நடுவில் விரல்நுனியை வைத்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலுக்கு மட்டும், நகம் ஒன்றில் ஒன்று இடிப்பதுபோல, சின்னதாக ஒரு 'டிக்'. மேல் ஃபோர்க்கில் இல்லை. வலது பக்கத்தில் இரண்டிலும் இல்லை. நட்டைச் சாவி போட்டுப் பார்த்தால் அது இறுக்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு முறை சோதித்தபோதும் தப்பியிருக்கிறது.

ஸ்டெபிலைசருக்கு அடியில் பஞ்சு சுற்றிய தாங்கி வைத்துவிட்டு போல்ட்டைக் கழற்றினேன். ஏஎன்4, கால் அங்குல போல்ட். தலைப்பக்கம் உள்ள வழவழப்பான தண்டு புதுசு மாதிரி. மரை தொடங்கும் இடத்தில் மட்டும் மரையின் முகடுகள் பளபளவென்று தேய்ந்து தட்டையாகியிருந்தன. பக்கத்தில் துருநிறத்தில் மாவுபோலத் தூள், விரலில் ஒட்டியது. ஃபோர்க்கின் தலைப்பக்கக் கால் துளை வட்டமாக இருந்தது. நட்டுப்பக்கக் கால் துளை அரை மில்லிமீட்டர் நீண்டு முட்டை வடிவம்.

காரணம் நான்தான். இந்த போல்ட்டுகளின் நீளம் கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/8 அங்குலப் படிகளில் வரும். கட்டும்போது ஒரு படி குட்டையானதைப் போட்டிருக்கிறேன். ஒரு படி என்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ஃபோர்க்கின் ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் தடிப்பு. ஆக, நட்டுப்பக்கக் கால் முழுவதும் வழவழப்பான தண்டின்மேல் உட்காராமல் மரையின்மேல் உட்கார்ந்திருந்தது. மரை என்பது அரம் மாதிரி. ஒவ்வொரு பறப்பிலும் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவியிருக்கிறது. துளை பெருக்கப் பெருக்கச் சுரம் இறங்கி, ஒருநாள் 77ஐத் தொட்டதும் ரீங்காரம் ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பித்த பிறகு அராவுகிற வேகமும் கூடியிருக்கும். "திடீரென்று வந்தது" என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இன்னொரு தப்பும் கூடவே இருந்தது. ஃபோர்க்கின் வாய் லக்கைவிட 1.6 மில்லிமீட்டர் அகலம். இடைவெளியை வாஷரால் நிரப்பாமல், நட்டை முறுக்கி இரண்டு கால்களையும் உள்ளே வளைத்துப் பிடிக்கவைத்திருக்கிறேன். அப்போது இறுக்கமாக இருந்திருக்கும். வளைந்த கால்கள் லக்கின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இறுக்கம் எத்தனை நாளைக்கு?

வலது பக்கத்தையும் கழற்றினேன். அதே குட்டை போல்ட், அதே வாஷர் இல்லாத வாய். துளை மட்டும் இன்னும் தேயவில்லை, முகடுகளில் இலேசான பளபளப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

துளையை 5/16 அங்குலத்துக்குப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போட்டுவிடலாமே என்றார் நண்பர். ஆசையாகத்தான் இருந்தது, அரை மணி வேலை. ஆனால் துளையின் மையத்திலிருந்து உலோகத்தின் ஓரம்வரை போல்ட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 5/16க்கு அது கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். ஃபோர்க்கில் இருந்தது 13. துளை இறுகும், ஓரம் கிழியும். இடது ஃபோர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். லக்கின் துளையில் புது போல்ட்டை நுழைத்து ஆட்டிப் பார்த்தேன், கொஞ்சமும் ஆடவில்லை. பிறகு பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் ஊடுருவும் விரிசல் சோதனையை லக்கைச் சுற்றியும், மேல் ஃபோர்க்கின் பற்றவைப்பு ஓரத்திலும், குழாயின் முனையிலும் செய்தேன். வெள்ளைத் தூளின்மேல் சிவப்புக் கோடு எதுவும் எழவில்லை. எழுந்திருந்தால் துணியைக் கிழித்து லக்கையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

பழைய ஃபோர்க்கைக் கழற்றும் முன் நீளத்தைப் பிடித்துவைக்க வேண்டும். எத்தனை சுற்று கழன்றது என்று எண்ணி வைப்பது இங்கே உதவாது, புது ஃபோர்க்கின் மரை அதே இடத்தில் தொடங்கும் என்று யார் சொன்னது? நான் ஒரு மரச்சட்டத்தில் கால் அங்குலத் துளை ஒன்று போட்டு, மேல் ஃபோர்க்கின் துளையோடு ஊசி ஒன்றால் பூட்டினேன். கீழ் ஃபோர்க்கின் நல்ல கால் துளை வழியாக இரண்டாவது துளையைக் குறித்துத் துளைத்தேன். புது ஃபோர்க்கை, அதே சட்டத்தில் இரண்டு ஊசிகளும் வலுக்கட்டாயம் இல்லாமல் நுழையும்வரை திருகினேன். மரை போதுமான ஆழத்துக்கு உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கக் குழாயில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதில் மெல்லிய கம்பியை விட்டால் மரையில் தட்டி நிற்க வேண்டும். கம்பி உள்ளே ஓடிவிட்டால் ஆபத்து. நின்றது. பூட்டு நட்டை இறுக்கினேன்.

மாட்டும்போது ஃபோர்க் வாயில் லக்கின் இருபுறமும் 0.8 மில்லிமீட்டர் மெல்லிய வாஷர். இப்போது கால்கள் வளையாமல், லக்கின் முழு முகத்தையும் வாஷர் வழியாகத் தொடுகின்றன. போல்ட் ஒரு படி நீளமானது, தண்டில் துளையிட்டது. நட்டு நைலான் வளையம் உள்ளது அல்ல, போல்ட்டின் துளையில் காட்டர் பின்னைச் செருகிப் பூட்டும், மேலே வெட்டுகள் உள்ள காசில் நட்டு. திரும்ப வாய்ப்புள்ள இணைப்பில் தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டை மட்டும் நம்பக் கூடாது என்று அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. கட்டும்போதும் அதைப் படித்துத்தான் இருந்தேன். நட்டுக்கு அடியில் ஒரு வாஷர் சேர்த்தால்தான் காசிலின் வெட்டும் போல்ட்டின் துளையும் நேராயின. ஸ்டெபிலைசர் இருபுறமும் மட்டமாக இருக்கிறதா என்று மட்டக்கோலால் பார்த்துவிட்டு, இறுதியாக நட்டின்மேல் ஆரஞ்சுப் பெயிண்டில் ஒரு கீற்று. நகர்ந்தால் கீற்று உடைந்து காட்டிக்கொடுக்கும். வலது பக்கத்திலும் இதே வரிசை, அங்கே ஃபோர்க் மட்டும் பழையது.

மறுபடி சுத்தியல். முன்பின்னாக இடது 98, வலது 99. வலதும் இரண்டு ஹெர்ட்ஸ் ஏறியிருந்தது, வாஷரின் வேலை.

தரையில் 1,500இலிருந்து 2,400வரை மெதுவாக ஏற்றி இறக்கினோம். 2,310இல் கறுப்புக் கோடு கோடாகவே நின்றது. நண்பர் அங்கேயே ஒரு நிமிடம் பிடித்து வைத்திருந்தார், நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பிறகும் இறக்க மனமில்லாமல். அடுத்த நாள் மேலே போய் 2,250க்கும் 2,700க்கும் நடுவே ஐம்பது ஐம்பதாக நிறுத்திப் பார்த்தேன். முதுகுக்குச் செய்தி எதுவும் வரவில்லை.

1,900 சுற்றை ஒட்டி மட்டும் மெல்லிய முனகல் ஒன்று இருபுறமும் இருக்கிறது. இது முதல் நாளிலிருந்தே இருந்தது, எஞ்சினின் குணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதன் பெயர் தெரியும்: மேல்கீழ்த் திசையின் 63 ஹெர்ட்ஸ். கோட்டில் பார்த்தால் அரை மில்லிமீட்டர் கூட விரியவில்லை. அந்தச் சுற்றில் நான் தங்குவதும் இல்லை, இறங்கும்போது கடந்துபோகிற இடம். ஸ்ட்ரட்டுக்கு மீன்வடிவ உறை போட்டால் காற்றுத்தடை வெகுவாகக் குறையும் என்று முன்பு திட்டம் வைத்திருந்தேன். அதை ஒத்திவைத்திருக்கிறேன். உறை எடையைக் கூட்டும், விறைப்பைப் பெரிதாகக் கூட்டாது. 98இலிருந்து எவ்வளவு இறங்கும் என்று முதலில் அதே எடைக்கு மணல் நிரப்பிய துணிப்பட்டையைக் குழாயில் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். 92க்குக் கீழே போனால் உச்சச் சுற்றுக்குள் வந்துவிடும்.

ஐந்து மணி நேரப் பறப்புக்குப் பிறகு ஒருமுறை, பத்துக்குப் பிறகு ஒருமுறை தட்டினேன். 98, 99. அடுத்தது 98, 98. பெயிண்ட் கீற்றுகள் உடையவில்லை. பதிவேட்டில் போல்ட் முறுக்கத்துக்குப் பக்கத்தில் இந்த எண்களுக்கென்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். அடுத்தது 25 மணி நேரத்தில்.